நகரி முதல் குப்பம் வரை: ஆந்திர எல்லையில் சில நாட்கள்

திங்கள், நகரி

திருத்தணியிலிருந்து வடக்கே புறப்பட்ட பேருந்து ஆந்திர எல்லையைக் கடந்த பின்னும் அதில் இருந்தவர்களின் பேச்சு மாறவில்லை. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் என்று நெசவாளர்கள் நிறைந்த இந்த ஊர்களில் தமிழ் வீட்டு மொழியாகவும், தெலுங்கு பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரிய மொழியாகவும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதற்குள் சென்றது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கர் அளித்த முடிவின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சத்தியவேடு பக்கத்துச் சிற்றூர்கள் ஆந்திரத்துக்குப் போயின. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

இந்தப் பயணத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கும் வலதுசாரி வெகுசனக் கட்சிகளைப் பற்றி நெடுநாளாகப் படித்துவருகிறேன். ‘உண்மையான மக்கள்’ என்று ஒரு கூட்டத்தை வரைந்து காட்டி, அவர்களுடைய நம்பிக்கையையும் வழக்கங்களையும் மேல்தட்டினரும் வெளியாரும் சேர்ந்து அழிக்கிறார்கள் என்று சொல்லி வாக்குக் கேட்பது அக்கட்சிகளின் பொது இயல்பு. கூலி, விலை, வேலை ஆகியவற்றைப் பற்றிய சண்டை பின்னால் போய்விட, பண்பாட்டைப் பற்றிய சண்டை முன்னால் வந்து நிற்கிறது. இது நம் பக்கத்து ஊர்களுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதை, இரண்டு மொழியும் இரண்டு மாநிலமும் கலந்து கிடக்கிற எல்லையிலிருந்து பார்க்க விரும்பினேன்.

இன்று நெடுநேரம் பேசியது விசைத்தறி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். முதலாளி தருகிற பாவு நூலை வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். என்.டி. ராமாராவ் 1982 மார்ச் 29 அன்று தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, ஒன்பது மாதங்களுக்குள் ஆட்சியைப் பிடித்தபோது இவர் இளைஞர். ‘தெலுங்கரின் தன்மானம்’ என்ற முழக்கம் தமிழ் பேசும் நகரியில் எப்படி எடுபட்டது என்று கேட்டேன். “மானம் அவங்களுக்கு, அரிசி எல்லாருக்கும் தம்பி. கிலோ ரெண்டு ரூபாய்னு சொன்னாரு, ரேஷன் கடையில ரெண்டு ரூபாய்க்குப் போட்டாங்க. எங்க அம்மா அதுக்காகவே சாகிற வரைக்கும் சைக்கிளுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க” என்றார்.

அந்தப் பதில் என்னை நாள் முழுவதும் விடவில்லை. ராமாராவின் அரசியலும் வெகுசன அரசியல்தான். திரையில் கிருஷ்ணனாகவும் வேங்கடவனாகவும் தோன்றிய முகம் அவருடைய மூலதனம். டெல்லியின் மேல்தட்டுக்கு எதிராகத் தெலுங்கு மக்கள் என்பதே அவருடைய கதை. நம் பக்கத்தில் தி.மு.க. 1967இல் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று கேட்ட வாக்கும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால், அந்த முழக்கங்களில் மக்கள் அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருந்தது. கடைக்குப் போனால் அரிசி கிடைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். தன்மானத்தையும் அரிசியையும் சேர்த்துக் கொடுத்த அந்த அரசியலுக்குப் பல குறைகள் உண்டு. தலைவரைத் தெய்வமாக்கியதும் கட்சியைக் குடும்பச் சொத்தாக்கியதும் அவற்றில் பெரியவை. அப்படியிருந்தும், வாக்களித்தவர் கையில் ஒரு தராசு இருந்தது.

பெரியவருடைய மகன், நடிகர் பவன் கல்யாணின் ஜனசேனைக் கட்சிக்காரர். முப்பது வயதிருக்கும், தறி ஓட்டும் நேரம் போக மீதி நேரத்தில் கட்சி வேலை பார்க்கிறார். நூல் விலை ஏறும்போது கூலி ஏறாததையும், மின்கட்டணம் வரும் மாதங்களில் தறியை நிறுத்திவைக்க வேண்டியிருப்பதையும் தந்தையைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னார். கட்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டதும் அவருடைய பேச்சு வேறு தளத்துக்கு நகர்ந்தது. கோயில்களுக்கு ஆபத்து, தர்மத்தைக் கேலி செய்கிறார்கள், நாம் சும்மா இருந்துவிட்டோம் என்று பத்து நிமிடம் உணர்ச்சியோடு பேசினார். கூலிக்கும் கோயிலுக்கும் நடுவே அவர் எந்தத் தொடர்பையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை. தந்தை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய், திருப்பதி

திருப்பதி நகரம் ஒரே குடும்பத்தின் இரண்டு அரசியல்களைப் பார்த்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் நடிகர் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் கட்சியை இங்கேதான் தொடங்கினார். அன்று அவர் உயர்த்திப் பிடித்த சொல் ‘சமூக நீதி’. 2009 தேர்தலில் கட்சிக்கு 18 இடங்கள் கிடைத்தன. அவரே திருப்பதியில் வென்றார். 2011இல் கட்சி காங்கிரசில் கரைந்தது. பின்னர் அவருடைய தம்பி பவன் கல்யாண் 2014 மார்ச் 14 அன்று ஜனசேனையைத் தொடங்கினார். சேகுவேராவைத் தம் ஆதர்சமாகச் சொல்லிவந்தவர் அவர். 2019இல் இடதுசாரிக் கட்சிகளோடும் பகுஜன் சமாஜோடும் கூட்டுச் சேர்ந்து போட்டியிட்டார். ஓர் இடம் மட்டுமே கிடைத்தது, அவர் நின்ற இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். 2020 ஜனவரியில் பாரதிய ஜனதாவோடு கைகோத்தார். 2024இல் தெலுங்கு தேசமும் சேர்ந்த கூட்டணியில் 21 சட்டமன்றத் தொகுதிகளில் நின்று 21இலும் வென்றது ஜனசேனை. திருப்பதியும் அவற்றில் ஒன்று. அவர் துணை முதல்வரானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சியில் திருமலை லட்டுக்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்புக் கலந்திருந்தது என்று பொதுவெளியில் சொன்னார். அடுத்து நடந்தவற்றை வரிசையாக நினைத்துப் பார்ப்பது பயன் தரும். பவன் கல்யாண் பதினொரு நாள் பிராயச்சித்த விரதம் பூண்டார். அதை முடித்துக்கொண்டு அக்டோபர் 3 அன்று இதே நகரத்தில் கூட்டம் நடத்தி, ‘வாராகி பிரகடனம்’ என்ற அறிக்கையை வெளியிட்டு, சனாதன தர்மத்தைக் காக்க நாடு முழுவதற்கும் ஒரு சட்டமும் ஒரு வாரியமும் வேண்டும் என்றார். சனாதனத்தை ஒழிக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் அன்றைய தமிழ்நாட்டு அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் சென்னையில் பேசிய பேச்சுக்கு ஓராண்டு கழித்து அந்த மேடையிலிருந்து மறுமொழி வந்தது. லட்டுக்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒரே மேடையில் இரண்டும் ஒரே காயமாகிவிட்டன. நவம்பரில் திருமலை தேவஸ்தான வாரியம், இந்து அல்லாத ஊழியர்கள் விருப்ப ஓய்வு பெறவோ வேறு துறைக்கு மாறவோ வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நெய்யில் தொடங்கிய வழக்கு இரண்டே மாதங்களில் ஊழியர்களின் மதத்தில் வந்து நின்றது.

பேருந்து நிலையத்துக்கு அருகே இட்லிக் கடை நடத்தும் ஓர் அக்காவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். பூஜை அறையில் வைத்திருந்த லட்டை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் தொடாமல் விட்டிருந்ததாகச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. “சாமி பிரசாதம், தூக்கிப் போடவும் மனசு வரலை, வாயில வைக்கவும் மனசு வரலைங்க” என்றார். இந்த வேதனையை உண்மையென்று ஏற்காத எவருக்கும் இந்த அரசியலைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்பது என் உறுதியான எண்ணம். மதச்சார்பின்மை பேசும் நம்மில் பலர், பக்தர்களின் புண்பட்ட மனத்தைக் கேலிப்பொருளாக்கி, அவர்களை அந்த மேடைகளின் பக்கம் தள்ளியிருக்கிறோம்.

ஆனால், அந்த அக்காவின் வேதனைக்குத் தீர்வு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை கடினமானதல்ல. நெய்யை எந்த விலைக்கு, எந்த நிபந்தனையோடு ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள், வந்த நெய்யை யார் சோதித்தார்கள் என்பவைதான் கேள்விகள். கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வகம் தேவஸ்தானத்திடம் அப்போது இல்லை என்று அதன் செயல் அலுவலரே செய்தியாளர்களிடம் சொன்னார். நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் லட்டு செய்கிற ஒரு நிறுவனத்தில் ஆய்வகம் இல்லாமல் இருந்தது ஏன் என்பது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று, விசாரணை முடியுமுன் செய்தியாளர்களிடம் போனது ஏன் என்று கேட்டு, தெய்வங்களையாவது அரசியலிலிருந்து தள்ளி வைக்கும்படி கடிந்துகொண்டது. அக்டோபர் 4 அன்று மத்தியப் புலனாய்வுத் துறை, மாநிலக் காவல் துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அலுவலர்கள் அடங்கிய தனிக் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் நெய் வழங்கலோடு தொடர்புடைய நால்வர் கைதானார்கள். ஆய்வகம் அமைப்பதும் ஒப்பந்தத்தைச் சீராக்குவதும் சில மாதங்களில் முடிந்துவிடக்கூடிய வேலைகள். தர்மத்தைக் காப்பது என்ற வேலைக்கோ முடிவே கிடையாது. காப்பாற்றியாகிவிட்டது என்று எந்த நாளிலும் எவரும் அறிவிக்க முடியாது.

இரவு விடுதி அறையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, ஐரோப்பிய அனுபவம் மிகத் தெளிவாகப் பொருந்தி வந்தது. ஜெர்மனிக்கான மாற்று என்ற கட்சி 2013இல் பிறந்தபோது அது யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளியல் பேராசிரியர்களின் கட்சி. அந்த ஆண்டுத் தேர்தலில் 4.7 விழுக்காடு வாக்குப் பெற்று, 5 விழுக்காட்டு வரம்பைத் தொடாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. 2015இல் அகதிகள் பெருந்திரளாக வந்தபோது கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான பெர்ண்ட் லுக்கே வெளியேறியிருந்தார். நாணயத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்து குடியேறிகளையும் இஸ்லாமையும் பற்றிய பேச்சு மேலெழுந்தது. 2017இல் 12.6 விழுக்காடு, 2025 பிப்ரவரியில் 20.8 விழுக்காட்டோடு இரண்டாம் இடம். ஹங்கேரியின் ஃபிடெஸ் 1988இல் தாராளவாத மாணவர்கள் தொடங்கிய அமைப்பு. தொண்ணூறுகளில் அது வலப்பக்கம் திரும்பியது, 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. 2015இல் எல்லையில் வேலி போட்டு அகதிகளின் வரவை ஏறத்தாழ நிறுத்திவிட்ட பிறகும், 2018 தேர்தலை அகதிகளைப் பற்றிய அச்சத்தைக் கொண்டே அக்கட்சி நடத்தியது. வராதவர்களைக் காட்டியே வெற்றியும் பெற்றது.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்ப்பது பிரிட்டன். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது என்ற ஒற்றைக் கோரிக்கைக்காகத் திரண்ட அரசியலுக்கு 2016 வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டு ஆதரவு கிடைத்தது. 2020 ஜனவரி 31 அன்று நாடு விலகியும்விட்டது. கோரிக்கை நிறைவேறியவுடன் அதற்கென உருவான பிரெக்ஸிட் கட்சி கலைந்திருக்க வேண்டும். அதுவோ 2021இல் ரிஃபார்ம் யுகே என்று பெயர் மாற்றிக்கொண்டு, குடியேறிகளுக்கு எதிரான பேச்சோடு தொடர்ந்தது; 2024 தேர்தலில் 14.3 விழுக்காடு வாக்கு வாங்கியது. நிறைவேறக்கூடிய கோரிக்கையோடு தொடங்கும் ஒரு கட்சி, நிறைவேற முடியாத கோரிக்கையில்தான் தனக்கு நீண்ட ஆயுள் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்கிறது. சமூக நீதியிலும் சேகுவேராவிலும் தொடங்கி வாராகியில் வந்து நிற்கும் பாதையை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். பவன் கல்யாணின் பக்தி பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை; அதைப் பற்றி நான் பேசவுமில்லை. பக்திக்கு அரசியலில் கொடுக்கப்படும் வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

புதன், சித்தூர், பங்காருபாளையம்

சித்தூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. கிளிமூக்கு என்று நாம் சொல்லும் தோத்தாபுரி மாங்காயைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் இந்த மாவட்டத்தில் நிறைய உள்ளன. கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்துக் காயும் கர்நாடகத்துக் காயும் இந்த ஆலைகளை நம்பியே வளர்கின்றன.

2025 பருவத்தில் விலை சரிந்தது. முந்தைய ஆண்டின் கூழே ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்ததால் புதிய காயை வாங்க ஆலைகள் தயங்கின. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது: ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய். ஜூன் மாதத்தில் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில மாங்காய் உள்ளே வரக் கூடாதென்று தடை போட்டு, எல்லைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்தியது. கர்நாடக முதல்வர் சித்தராமையா தடையை நீக்கும்படி சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 9 அன்று முன்னாள் முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கு வந்தபோது சாலையில் மாங்காயைக் கொட்டினார்கள். கொட்டியது விவசாயிகளா கட்சிக்காரர்களா என்று இரு தரப்பும் பல நாள் வழக்காடின.

நான் பேசிய விவசாயிக்குத் தோப்பு ஆந்திரத்தில், மாமியார் வீடு குடியாத்தத்தில். மைத்துனரின் காய் எல்லையில் நின்றுபோனபோது தமக்கு விலை ஏறும் என்று மகிழ்வதா, மைத்துனருக்காக வருந்துவதா என்று புரியாமல் தவித்ததாகச் சொன்னார். ஆலைக்கு வெளியே டிராக்டரோடு இரவும் பகலும் வரிசையில் காத்திருந்ததையும், காத்திருந்த காய் கனிந்து அழுகியதையும், டோக்கன் வாங்குவதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்ததையும் விரிவாகச் சொன்னார். ஆலைகள் விலையை எப்படி முடிவு செய்கின்றன, தேங்கிய கூழின் கணக்கு யாரிடம் இருக்கிறது, பருவம் தொடங்கும் முன்பே ஒப்பந்த விலை அறிவிக்க என்ன தடை என்று அவர் அடுக்கிய கேள்விகள், எந்தச் சட்டமன்றத்திலும் ஒரு முழு நாள் விவாதத்துக்குத் தகுதியானவை.

அந்த விவாதம் நடக்கவில்லை. மாங்காய்ப் பிரச்சினை ஒரு பருவத்துச் செய்தியாக வந்து போயிற்று. லட்டு விவகாரமோ இன்னும் தேர்தல் மேடைகளில் உயிரோடு இருக்கிறது. இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று எழுதுவோர் உண்டு. அந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மாங்காய் விலையைப் பற்றிப் பேசும் மேடையில் ஆலை முதலாளியும், ஏற்றுமதியாளரும், மூன்று மாநில அரசுகளும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அவர்களில் பலர் எல்லாக் கட்சிகளுக்கும் வேண்டியவர்கள். பண்பாட்டுச் சண்டையில் உள்ளூர்ச் செல்வர் எவருக்கும் நட்டமில்லை. அங்கே குற்றவாளி எப்போதும் தொலைவில் இருப்பவர்: சென்னையில் பேசிய ஓர் அமைச்சர், தேவஸ்தானத்தில் வேலை பார்க்கும் ஒரு கிறித்தவ எழுத்தர். கட்சிகளுக்கு இந்தச் சண்டையில் செலவு மிகக் குறைவு என்பதை இந்தச் சந்தையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

வியாழன், பலமநேர்

மழையினால் பேருந்து தாமதமாகி, பலமநேரில் இரவு தங்க நேர்ந்தது. குறிப்பிடத்தக்க உரையாடல் எதுவும் நடக்கவில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் கைப்பேசியில், 2025 ஜூன் மாதம் மதுரையில் நடந்த முருக பக்தர்கள் மாநாட்டில் பவன் கல்யாண் தமிழில் பேசிய காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தமிழ் தெரியாது. கூட்டத்தின் அளவைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி, குப்பம்

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலை குப்பம். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. 1997இல் இங்கே நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், தென்னக மொழிகள் ஒன்றையொன்று படிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது.

இப்பகுதித் தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். 2019 நவம்பரில் ஜெகன் அரசு, அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கில வழியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டதையும், 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியதையும் அவர் நினைவுகூர்ந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வேண்டும் என்றது அரசு. தெலுங்கு அழிகிறது என்று ‘மன நுடி மன நதி’ என்ற இயக்கத்தை அறிவித்தார் பவன் கல்யாண். இரண்டு வாதங்களிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் யாருமே தமிழ்வழிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றார் ஆசிரியர். தெலுங்கைக் காக்க வந்தவர்களின் கணக்கிலும் அவர்கள் இல்லை. ஆங்கிலம் கொடுக்க வந்தவர்களின் கணக்கிலும் இல்லை. “பாடப் புத்தகம் ஜூன் மாசம் வரணும். எங்க பிள்ளைகளுக்குத் தெலுங்குப் புத்தகத்தோட சேர்ந்து வந்ததா எனக்கு ஞாபகமே இல்லை. அதுக்கு எந்தக் கொடியும் வரலைங்க” என்றார். மொழியைக் காப்போம் என்ற முழக்கம் 2019 தேர்தல் தோல்விக்குப் பிறகு அந்தக் கட்சி எடுத்தது. ஐந்தாண்டுகளில் அதன் இடத்தில் மதத்தைக் காப்போம் என்பது வந்தது. காக்கப்படும் பொருள் மாறினாலும் காப்பவரின் நிலை மாறவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நான் ஆந்திரத்துக் கட்சியைப் பற்றி மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. 2010இல் அரசியல் கட்சியாகத் தொடங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்ற நாம் தமிழர் கட்சியை வலதுசாரி என்று அழைக்க அதன் தொண்டர்கள் ஒப்பமாட்டார்கள். மணல் கொள்ளையையும் நீர்நிலைகளின் அழிவையும் பற்றி அவர்கள் எழுப்பும் கேள்விகள் பல சரியானவை. ஆனால் தமிழ்நாட்டைத் தமிழரே ஆள வேண்டும் என்று தொடங்கும் பேச்சு, யார் தமிழர் என்று குலமும் தாய்மொழியும் பார்க்கும் விசாரணையாகத் திரும்புவதை மேடைகளிலும் இணையத்திலும் கேட்டுவருகிறோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 5.87 விழுக்காட்டினர் தெலுங்கைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள்; பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்கிறவர்கள். அவர்களை ‘வந்தேறி’ என்று ஒருவர் சென்னையில் சொல்லும்போது, நகரியிலும் குப்பத்திலும் வாழும் தமிழர்களைப் பார்த்து அதே சொல்லைச் சொல்வதற்கு இன்னொருவருக்கு வழி திறக்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழர் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பேச்சாளர்கள் நினைப்பதே இல்லை என்று ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னபோது, என்னால் மறுக்க முடியவில்லை.

மாலையில் பெங்களூரு செல்லும் ரயிலுக்காகக் குப்பம் நிலையத்தில் காத்திருந்தேன். இந்த ஊரிலிருந்து ஏராளமானோர் கூலி வேலைக்கு ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் ஓர் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு, வேலையிடத்தில் கன்னடம். கைப்பேசியில் ஜனசேனைக் காணொளியும் பார்க்கிறார், நாம் தமிழர் காணொளியும் பார்க்கிறார். இரண்டிலும் பேசுபவர்களின் குரல் பிடித்திருக்கிறது என்றார்.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் வேலைகளில் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் மற்றப் பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூராருக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்ததைக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வாரம் மேஸ்திரி எல்லாருடைய ஆதார் அட்டையிலும் முகவரியைப் பார்த்தாராம். ஆந்திரத்திலும் 2019இல் தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூராருக்கு என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி இவர் உள்ளூர்க்காரர். ஆனால் இவருடைய வேலை பெங்களூரில் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் ஜனசேனைக்கு என்றார். காரணம் கேட்டபோது சற்று யோசித்தார். “எங்களுக்காகக் கோபப்படுற ஆளு அவரு ஒருத்தர்தான் அண்ணா. மத்தவங்க பேசும்போது கணக்குச் சொல்றாங்க. அந்தக் கணக்குல நாங்க எங்க இருக்கோம்னு தெரியலை.”

குப்பத்தில் வேலை கிடைப்பதைப் பற்றி பவன் கல்யாண் ஏதாவது பேசியிருக்கிறாரா என்றேன். தான் கேட்டதில்லை என்றும், கட்டாயம் பேசுவார் என்றும் அந்த இளைஞர் சொன்னார். ரயில் வந்ததும் முன்பதிவில்லாத பெட்டியில் இடம் பிடிக்க ஓடினார்.